இடைப்பட்ட காலத்துக்கு உரியவர் யார்?

கருவி திருந்தினால் கலையும் தானே திருந்திவிடும் என்னும் எண்ணம் இன்று கணினிவழி அசைவூட்டம் கற்போரிடையே வேரூன்றி வருகின்றது. தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் குறித்துவிட்டால் இடைப்பட்டவற்றைக் கணினி நிரப்பிக்கொள்ளும்; ஆதலின் கற்கவேண்டியவை பொத்தான்களின் பெயர்களே என்பது அவர்தம் வாதம். இது பாதி உண்மை. பாதி உண்மையாதலாலேயே முழுப் பொய்யினும் மிகுந்த தீங்கு பயப்பது.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரைப்படத்திற்கு வேண்டிய படங்களையெல்லாம் ஒருவரே வரைதல் பேருழைப்பு. ஆகவே, பழைய கலைக்கூடங்களில் தலைமை ஓவியர் முக்கிய நிலைகளை வரைய, உதவியாளர் இடைப்படங்களை வரைந்தனர். அவ்வுதவியாளரின் பணியைக் கணினியிடம் ஒப்படைக்கும் முறையைக் கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தைச் சேர்ந்த நெஸ்ரர் பேர்ட்னிக், மார்செலி வெயின் ஆகிய இருவரும் உருவாக்கினர். அதனைக்கொண்டு பீற்றர் போல்டெஸ் 1974 இல் 'பசி' எனப் பொருள்படும் பெயருடைய குறும்படமொன்றை ஆக்கினார். இன்றைய மென்பொருள்களின் காலக்கோட்டில் நாம் பதிக்கும் திறவுச் சட்டகங்கள் அம்மரபின் வழிவந்தவையே. இவ்வுதவி வேண்டாமென நாம் வாதிடவில்லை.

ஆயினும், இடைப்படங்கள் எங்கே நெருங்கவேண்டும், எங்கே விலகவேண்டும் என்பதை அவ்வுதவியாளர்க்குக் குறித்துக் கொடுத்தவர் தலைமை ஓவியரே. கணினிக்கு அதனைக் குறித்துக் கொடுப்பவர் யார்? நாம் குறிக்காவிடின் மென்பொருள் தன் வழக்கப்படி நடந்துகொள்ளும். பிளென்டர் மென்பொருளில் 1 ஆம் சட்டகத்தில் பந்தொன்றை உயரத்திலும் 13 ஆம் சட்டகத்தில் நிலத்திலும் பதித்து, நொடிக்கு 24 சட்டகமாக ஓட்டிப் பாருங்கள். அரை நொடியில் பந்து இறங்கிவிடும். ஆனால், நிலத்தை அணுகும்போது வேகங் குன்றிப் பஞ்சுபோல அமரும். இரு முனைகளிலும் மெதுவாகச் செல்லும் வளைகோட்டையே அம்மென்பொருள் தானாக இடுகின்றது. அதனை நேர்கோடாக்கினாலோ பந்து ஒரே வேகத்தில் இறங்கும். விழும் பொருளோ சமகாலப் பகுதிகளில் 1, 3, 5, 7 என்னும் விகிதத்தில் தூரங்களைக் கடக்கும். வளைகோட்டைத் தம் கையால் திருத்துபவரே பந்துக்குப் பாரத்தைக் கொடுப்பவர்.

ஓட்டிப் பார்த்தால் பிழை புலப்பட்டுவிடுமே என்பர் சிலர். ஓட்டமும் ஏமாற்றும். அம்மென்பொருள், நாம் மாற்றாதவரை, எந்தச் சட்டகத்தையும் விடாது காட்டும். காட்சி கனத்துக் கணினி நொடிக்கு 12 சட்டகங்களையே காட்டவல்லதாயின், 240 சட்டகங்களைக் கொண்ட 10 நொடிக் காட்சி 20 நொடி ஓடும். அசைவு மந்தமெனக் கருதித் திறவுச் சட்டகங்களை நெருக்கிவைப்பவர், முடிந்த படத்தில் பாத்திரம் பதறி ஓடுவதைக் காண்பார். சில சட்டகங்களைத் தவிர்த்து நேரத்தைக் காக்கும் தெரிவும் உண்டு. அதில் நேரம் தப்பும், நுட்பம் மறையும். காட்சியைச் சிறிய அளவில் ஒருமுறை படமாக்கிப் பார்த்தபின் முடிவு செய்வதே முறை.

2018 இல் வெளிவந்த 'ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வேர்ஸ்' என்னும் படத்தையும் எண்ணிப் பார்க்கவேண்டும். அதில் இன்னும் பழகாத இளைஞன் மைல்ஸின் நிலை இரு சட்டகங்களுக்கு ஒருமுறையே மாற, உடன் தாவிச் செல்லும் தேர்ந்த பீற்றரின் நிலை ஒவ்வொரு சட்டகத்திலும் மாறுகின்றது. இடைநிலைகளைத் தரக் கணினி மறுத்ததா? இல்லை, கலைஞரே அவற்றை மறுத்தனர். அம்மறுப்பினால் இளைஞனின் தடுமாற்றம் கண்ணுக்குப் புலனாயிற்று.

பரதம் பயில்வோர் ஓர் அடவை மூன்று காலத்திலும் ஆடிப் பழகுவர். அடவின் பெயரை அறிந்ததனோடு அமைவதில்லை. அசைவூட்டம் கற்பிப்போரும் இவ்வொழுங்கை மேற்கொள்ளல் வேண்டும். பொத்தான்களின் பெயரும் இடமும் அடுத்த பதிப்பில் மாறக்கூடும். காலத்தை அளந்தறியும் கண் எப்பதிப்பிலும் பயன்படும். திறவுச் சட்டகங்கள் இரண்டைப் பதிக்க எவராலும் இயலும். அவற்றுக்கிடையே நிகழ்வதற்கும் பொறுப்பேற்க மாணவரைப் பழக்காத பாடத்திட்டம், கருவி இயக்குவோரை ஆக்குமேயன்றிக் கலைஞரை ஆக்காது.