பழுதான புதுக் காருக்குப் பரிகாரம் எங்கே?

புதுக் கார் வாங்கினால் முதலில் கோயில் வாசலுக்கு ஓட்டிச் செல்கிறோம். சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். அமெரிக்காவிலோ ஓயாமல் பழுதாகும் புதுக் காருக்கே எலுமிச்சம்பழம் என்று பெயர்! அத்தகைய காரை வாங்கியவரைக் காக்கக் கனெக்டிகட் மாநிலம் 1982-இல் சட்டம் இயற்றிற்று. அதனை 'எலுமிச்சைச் சட்டம்' என்றே அழைக்கின்றனர்.

கூலிம், பீடோங், சுங்கை பட்டாணி வட்டாரத் தோட்டத்து மக்களுக்குக் கார் ஆடம்பரமன்று. இரவில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும், பிள்ளைகள் பட்டணத்து வேலைக்குப் போய்வரவும் வேறு வழி ஏது? குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளியாயிற்று. அக்கணக்கில் 50,000 வெள்ளிக் கார், ஏறக்குறைய இரண்டரை ஆண்டு உழைப்பு!

அந்தக் கார் மூன்றாம் மாதமே நடுவழியில் நின்றால் என் செய்வது? பட்டறைக்குப் போகிறது, வருகிறது, மீண்டும் நிற்கிறது. தவணை மட்டும் நிற்பதில்லை. 1967-ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் நோட்டீசு கொடுத்துக் காரை இழுத்துச் செல்லலாம்.

சட்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும் என்கிறது. குறை பெரிதானால் பொருளைத் திருப்பித் தரவும் இடமுண்டு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலே வழக்கிடலாம். ஆனால் 2019-இல் உயர்த்திய பிறகும் அம்மன்றத்தின் வரம்பு 50,000 வெள்ளிதான். அதற்கு மேல் விலையுள்ள காரின் முழுப் பணத்தையும் கேட்பவர் நீதிமன்றப் படியேற வேண்டும். குறை தொழிற்சாலையிலேயே உண்டானது என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலையில்தான்.

சிங்கப்பூரைப் பாருங்கள். 2012 செப்டம்பர் 1 முதல் அங்கே, ஆறு மாதத்திற்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்றால் விற்றவரே அதை நிரூபிக்க வேண்டும். பழுது பார்ப்பது அல்லது மாற்றித் தருவது, அது முடியாவிட்டால் விலையைக் குறைப்பது அல்லது பணத்தைத் திருப்புவது என்பது அங்கே முறை. நம் நாட்டில் காருக்கென அப்படியொரு தனிச் சட்டம் இல்லை.

பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துப் பார்ப்போம். பாலில் தண்ணீர் கலந்திருந்தால் அங்கேயே கண்டுபிடித்து நம் கணக்கில் கழிக்கிறார்கள். மரத்தில் காயம் பட்டால் வெட்டியவனைத்தான் கேட்கிறார்கள். தொழிலாளி தரும் சரக்கு சுத்தமாயிருக்க வேண்டும். தொழிலாளிக்கு விற்கும் சரக்கு எப்படியும் இருக்கலாமா? இது எந்த ஊர் நியாயம்?

ஆறு மாத விதியுடன் தனிச் சட்டம் வேண்டும். கார் வழக்குக்கு நடுவர் மன்ற வரம்பை உயர்த்த வேண்டும். பழுதான கார் பட்டறையில் கிடக்கும் காலத்திற்குத் தவணையை ஒத்திவைக்க வேண்டும். இவையே நம் கோரிக்கைகள்.

அதுவரை தோழர்கள் விழிப்பாயிருக்க வேண்டும். புகாரை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் கொடுங்கள். பட்டறைச் சீட்டு ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்துங்கள். கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் மனத்துக்குத் தைரியம் தரும். பணத்தைத் திருப்பி வாங்கித் தரச் சட்டந்தான் வேண்டும்.