மட்டித் திட்டில் குழாய்ப் புழு: தோண்டலாமா, விடலாமா?

கேள்வி: "ஏரியில் நாங்கள் மட்டி பொறுக்கும் மணல் திட்டில் சின்னச் சின்னக் குழாய்கள் கூட்டமாக நிற்கின்றன. உள்ளே புழு இருக்கிறது. இறால் குஞ்சு பொரிப்பகத்துக்கு என்று வாங்கிப் போக ஆள் வருகிறார். புழுவை எடுத்துவிட்டால் மட்டியும் பெருகும் என்கிறார். உண்மையா?"
- பழவேற்காட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: வாங்க வருபவர் தமக்குச் சாதகமான பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்.

மட்டி, முட்டையிலிருந்து வந்ததும் மணலில் இருப்பதில்லை. சில வாரங்கள் நீரில் மிதந்து திரியும். பிறகு கால் மில்லிமீட்டர் அளவில், ஒரு ரவைத் துகளைவிடச் சிறிதாக, தரையில் இறங்கும். அந்த நேரத்தில் அதைக் கொல்வது பெரும்பாலும் இரண்டு: மணலோடு புரட்டி அடித்துப் போகும் நீரோட்டம், மணலைக் கிளறித் தின்னும் நண்டு.

குழாய்ப் புழு இந்த இரண்டையும் தடுக்கிறது. மணலையும் சிப்பி உடைசலையும் தன் பசையால் ஒட்டி அது கட்டும் குழாய், தரைக்கு மேலே நீட்டி நிற்கும். நெருக்கமாக நின்றால், நாற்று நட்ட வயலில் தண்ணீர் வேகம் குறைவது போல அடிநீரின் வேகம் குறையும். மிதந்து வரும் குஞ்சு அங்கே தங்கும். குட்டி மட்டி மெல்லிய நூல் ஒன்றைச் சுரந்து குழாயைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. ஐரோப்பாவின் வட கடல் ஓர மணல் வெளிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா கரையில் சாரா வுடின் செய்து 1978ல் வெளியிட்ட ஆய்வில், குழாய்கள் கூடிய இடத்தில் நண்டின் கிளறலிலிருந்து சிற்றுயிர்கள் தப்பிப் பிழைத்தது தெரிந்தது.

மறுபாதியும் உண்டு. ஒற்றைக் குழாயாக அங்கொன்று இங்கொன்று நின்றால் அதன் அடியில் நீர் சுழன்று மணலை அரிக்கும், பயனில்லை. இடைவெளியே இல்லாமல் அடைத்து நின்றாலோ குஞ்சு இறங்க இடமிருக்காது, சில புழுக்கள் இறங்கும் குஞ்சையே தின்றும் விடும். எனவே உங்கள் திட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நீர் வற்றும் நேரத்தில் குழாய்க் கூட்டத்துக்குள் ஒரு சாண் சதுரம், வெறும் மணலில் ஒரு சாண் சதுரம், இரண்டிலும் மேல் மணலை இரண்டு விரல்கடை ஆழத்துக்கு மட்டும் அள்ளி, மாவுச் சல்லடையில் ஏரி நீரிலேயே அலசுங்கள். மட்டிக் குஞ்சை எண்ணிவிட்டு அதே இடத்தில் விட்டுவிடலாம். ஐந்தாறு இடங்களில் பார்த்தால் கணக்கு தெளிவாகும். குழாய்ப் பக்கம் குஞ்சு அதிகம் என்றால் தொடாதீர்கள். புழு எடுக்க மண்வெட்டி போட்டால் புழு மட்டும் வராது. மேல் மணலில் இருக்கும் அடுத்த பருவத்து மட்டி அடியில் புதைந்து மூச்சடைத்துச் சாகும்.

இன்னொன்று: இயற்கையில் எடுத்த புழு வழியாக வெள்ளைப்புள்ளி வைரஸ் தாய் இறாலுக்குப் போகக்கூடும். அதனால் இந்த வியாபாரத்தை நிலையான வருமானமாக நம்ப வேண்டாம்.

ஆளி ஓட்டின் மேல் வெள்ளையாக, சுண்ணாம்பு போல் கெட்டியாக ஒட்டும் குழாய் வேறு புழு. அது ஆளி வளர்ப்பவர்களுக்குத் தொல்லைதான். அதைச் சுரண்டி எடுக்கலாம்.