டர்போ மீது பழி போடும் முன்

புனேயில் இருக்கும் நண்பரின் டீசல் காருக்கு வயது 14. டிசம்பர் குளிரில் நாலைந்து முறை செல்ஃப் அடித்தால்தான் உயிர் வரும். வந்ததும் உதறல், வெண்புகை. நிறுத்திய இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு எண்ணெய்ச் சொட்டு. ஒர்க்‌ஷாப்பில் டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றினார்கள். உள்ளே எண்ணெய்ப் பசை. "டர்போ போச்சு சார், புதுசு போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். சொன்ன தொகை, அந்தக் காரை இன்று விற்றால் கிடைப்பதில் கணிசமான பங்கு. நண்பர் ஒரு வாரம் அவகாசம் கேட்டுத் திரும்பினார். அதுதான் அவரைக் காப்பாற்றியது.

இது அவர் ஒருவரின் கவலை அல்ல. 2007இல் மாருதி ஸ்விஃப்ட்டில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் டீசல் எஞ்சினுக்குப் பிறகு, டர்போ என்பது நடுத்தரக் குடும்பத்தின் சொத்தாகிவிட்டது. 2020 ஏப்ரலோடு மாருதி டீசலைக் கைவிட்டது. ஆனால் அந்தத் தலைமுறை டீசல் கார்கள் ஏராளமாக ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

டர்போ என்பது புகை போகும் வேகத்தில் சுழலும் ஒரு காற்றாடி. மறுமுனையில் உள்ள இன்னொரு காற்றாடி, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கிறது. சிறிய டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டும். அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம்தான். அந்த எண்ணெய் தன் பாரத்தாலேயே கீழே வடிந்து எஞ்சினுக்குத் திரும்ப வேண்டும். வடிகுழாய் அடைத்தாலோ, எஞ்சினின் அடிவயிற்றில் அழுத்தம் கூடினாலோ, எண்ணெய் வடிய வழியின்றி சீலைத் தாண்டி வெளியேறும். நல்ல டர்போவும் அப்போது ஒழுகும். புதிது போட்டாலும் ஒழுகும்.

அந்த அழுத்தத்தை வெளியேற்றுவது ப்ரீதர் குழாய். எஞ்சினுக்குள் எழும் எண்ணெய் ஆவியை அது டர்போவுக்கு முன்னால் காற்றுக் குழாயில் விடுகிறது. ஆகவே இன்டர்கூலர் குழாயில் லேசான பசை இருப்பது இயல்பு. எண்ணெய் தேங்கி நின்றால்தான் கவலை.

எஞ்சின் ஆறியபின் காற்றுக் குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆடலாம். உள்ளும் வெளியுமாக நகரக் கூடாது. இறக்கை சுவரில் உரசக் கூடாது. ஒழுகலுக்கு, எஞ்சினைத் துடைத்துவிட்டு இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி, டார்ச் அடித்து மேலிருந்து கீழாகத் தேட வேண்டும். எண்ணெய் வழிந்து, காற்றில் பின்னோக்கிப் பரவும். சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் வேறு வேறு.

இனி ஸ்டார்ட்டிங் கோளாறு. செல்ஃப் மோட்டார் சுழற்றும் வேகத்தில் டர்போ ஏறக்குறைய வேலையே செய்வதில்லை. எனவே ஸ்டார்ட் ஆகாததற்கு அதைக் குற்றம் சொல்வதில் அர்த்தமில்லை. குளிரில் மட்டும் தகராறு, டீசல் வாடையோடு வெண்புகை என்றால் முதலில் ஹீட்டர் பிளக்குகளையும் பேட்டரியையும் பார்க்க வேண்டும். இரவெல்லாம் நின்றபின் நெடுநேரம் சுழன்றால், டீசல் லைனில் காற்று புகுந்திருக்கலாம். சூட்டிலும் தகராறு என்றால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் எஞ்சின் ஓடும்போது அந்த லைனில் கை வைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

நண்பரின் காரில் வேறொரு மெக்கானிக் கண்டது: ப்ரீதர் கசடால் அடைத்திருந்தது. அந்த அழுத்தம் டாப் கவர் கேஸ்கெட்டைத் தள்ளி எண்ணெயைக் கசியவிட்டது. நான்கு ஹீட்டர் பிளக்குகளில் இரண்டு செத்திருந்தன. டர்போவுக்கு ஒன்றும் இல்லை. செலவு, முதலில் கேட்ட தொகையில் சிறு பகுதி.

அதற்காக டர்போவை அலட்சியப்படுத்திவிடவும் கூடாது. ஓடும்போது நீலப்புகை, விசில் போன்ற கீச்சொலி, ஆயில் அளவு வேகமாகக் குறைதல் - மூன்றும் சேர்ந்தால் வண்டியை எடுக்காதீர்கள். சீல் முற்றிலும் போனால் டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே குடித்து வெறிபிடித்து ஓடும். பல வண்டிகளில் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. பிரேக்கை அழுத்தியபடி உயர் கியரில் கிளட்ச்சை விட்டு நிறுத்தப் பார்க்கலாம். முடியாவிட்டால், வண்டி நிற்கும் நிலையில் இறங்கி விலகிவிட வேண்டும்.

நண்பர் இப்போது கண்டாலா மலைப்பாதை ஏறி நிறுத்தினால், ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டே அணைக்கிறார். சூடான தண்டில் எண்ணெய் கருகிப் படிவதுதான் பல அடைப்புகளுக்கு ஆரம்பம். சரியான ரக ஆயிலைக் காலத்தில் மாற்றுகிறார். யாராவது "டர்போ போச்சு" என்றால், "எதனால் போச்சு?" என்று கேட்கிறார். அதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டுமே வண்டியை விடுகிறார்.