ஆளை நிறுத்தினால் மிச்சம் எவ்வளவு?

வியாபாரம் மந்தமானால் முதலாளிமாரின் கண் முதலில் போய் விழுவது சம்பளக் கொப்பியில்தான். கடை வாடகை நம் கையில் இல்லை. மின்சாரக் கட்டணம் நம் கையில் இல்லை. கொழும்பிலிருந்து வரும் சரக்கின் விலையும் நம் கையில் இல்லை. எனவே, "ஓர் ஆளை நிறுத்தினால் மாதம் இவ்வளவு மிச்சம்" என்று கணக்குப் போட ஆரம்பித்து விடுகிறோம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் யாழ்ப்பாணம், சுன்னாகம், சாவகச்சேரி என்று எந்தக் கடைத்தெருவில் நாலு வியாபாரிகள் கூடினாலும் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை.

இந்தக் கணக்கை உலகிலேயே மிக நுணுக்கமாகப் போடுகிறவர்கள் உதைபந்தாட்டக் கழகங்களை நடத்துபவர்கள். விளையாட்டுக்கும் வியாபாரப் பக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் யோசிக்கக் கூடும். விளையாட்டின் பின்னால் ஓடும் பந்தயச் சூது நமக்கு ஹராம். ஆனால் அவர்கள் ஓர் ஆளை விடுவிக்கும்போது எழுதும் கணக்கில் நமக்குப் பாடம் இருக்கிறது.

அமெரிக்கக் கணக்கு

அமெரிக்கர்கள் 'புட்போல்' என்று சொல்வது நமது உதைபந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. அதன் தேசிய லீக்கில், ஓர் அணி தன் வீரர்களுக்கு ஆண்டொன்றுக்கு மொத்தமாக இவ்வளவுதான் செலவிடலாம் என்று 1994ஆம் ஆண்டு ஓர் உச்சவரம்பு கொண்டு வரப்பட்டது. அன்று அது 34.6 மில்லியன் டொலர். 2025இல் 279.2 மில்லியன் டொலர். பணக்கார அணிக்கும் சாதாரண அணிக்கும் ஒரே வரம்புதான். எனவே புதியவர் ஒருவரை எடுக்க இடம் வேண்டுமென்றால், இருப்பவர்களில் ஒருவரை விட வேண்டி வரும்.

விட்டவுடன் அவருடைய சம்பளம் முழுவதும் மிச்சமாகி விடுமா? இல்லை. அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

நமது ரூபாயில் ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவரை ஐந்து வருட ஒப்பந்தத்தில் எடுக்கும்போது 50 இலட்சம் ரூபா முற்பணம் கொடுக்கிறோம் என்று வையுங்கள். பணம் முதல் நாளே கையை விட்டுப் போய் விட்டது. ஆனால் கொப்பியில் அதை வருடத்துக்கு 10 இலட்சமாகப் பிரித்து எழுத அந்த லீக் அனுமதிக்கிறது. இரண்டு வருடம் கழித்து அவரை விடுவித்தால், எழுதாமல் விட்ட 30 இலட்சமும் ஒரேயடியாகக் கணக்கில் வந்து இறங்கும். ஆள் இல்லை, வேலை இல்லை, செலவு மட்டும் இருக்கும். இதை அவர்கள் 'செத்த பணம்' என்கிறார்கள். ஜூன் முதலாம் திகதிக்குப் பின் விடுவித்தால் அந்தச் சுமையை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்துக் கொள்ளலாம். பிரிக்கலாமே தவிர அழிக்க முடியாது.

டென்வர் புரோன்கோஸ் என்ற அணி 2022இல் ரசல் வில்சன் என்ற வீரருடன் 5 ஆண்டுகளுக்கு 240 மில்லியன் டொலருக்கும் மேலான ஒப்பந்த நீடிப்பைச் செய்தது. இரண்டு பருவங்கள் ஆடியபின் 2024 மார்ச்சில் அவரை விடுவித்தது. கணக்கில் விழுந்த செத்த பணம் 85 மில்லியன் டொலர். 2024இல் 53 மில்லியனும், 2025இல் 32 மில்லியனும் அதற்காகவே கழிந்தன. அத்தோடு முடியவில்லை. 2024ஆம் ஆண்டுக்கு அவருக்கு உறுதியளித்திருந்த சம்பளம் 39 மில்லியன் டொலர். அவர் பிட்ஸ்பர்க் அணியில் போய்ச் சேர்ந்தார். அந்த அணி கொடுத்தது ஏறத்தாழ 1.2 மில்லியன் மட்டும். மிகுதியைப் பழைய முதலாளிதான் கொடுத்தார். அடுத்த கடையில் வேலை செய்பவருக்கு நம் கல்லாப்பெட்டியிலிருந்து சம்பளம் போவதைப் போன்றது இது!

பார்சிலோனாவின் நாலில் ஒன்று

உதைபந்தாட்டத்துக்கு வருவோம். 2021 ஓகஸ்டில் லியோனல் மெஸ்ஸி கண்ணீருடன் பார்சிலோனாவை விட்டுப் போனதை நம் பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். ஒப்பந்தம் முடிந்திருந்தது. சம்பளத்தில் பாதியை விட்டுக் கொடுக்கத் தாம் முன்வந்ததாக அவரே சொன்னார். ஆனாலும் கழகத்தால் அவரை வைத்திருக்க முடியவில்லை.

ஸ்பெயின் லீக்கின் வரம்பு அமெரிக்காவைப் போல எல்லோருக்கும் ஒன்றல்ல. ஒவ்வொரு கழகத்தின் வருமானம், கடன் பார்த்து லீக் நிர்ணயிக்கிறது. 2019/20 பருவத்தில் பார்சிலோனாவுக்கு 671 மில்லியன் யூரோவாக இருந்த வரம்பு, 2021/22 பருவத்தின் தொடக்கத்தில் சுமார் 98 மில்லியனாகச் சுருங்கியது. மெஸ்ஸி இருந்தால் சம்பளச் செலவு வருமானத்தின் 110 வீதமாகும், அவர் இல்லாமலே 95 வீதம் என்று கழகத் தலைவர் லபோர்த்தா அப்போது வெளிப்படையாகச் சொன்னார். நூறு ரூபா வருகிற கடையில் சம்பளத்துக்கே தொண்ணூற்றைந்து என்றால் அது கடையா?

வரம்பைத் தாண்டிய கழகத்துக்கு லீக் இன்னொரு விதியும் வைத்திருந்தது. நாலு யூரோ மிச்சம் பிடித்தால் ஒரு யூரோவை மட்டுமே புதிய வீரருக்குச் செலவிடலாம். நூறை வெட்டினால் கையில் கிடைப்பது இருபத்தைந்து. மீதி, முன்பு செய்த வீண் செலவின் பள்ளத்தை நிரப்பப் போய்விடும்.

அதே ஓகஸ்டில் இன்னொன்றும் நடந்தது. மூத்த வீரர் ஜெரார்ட் பிக்கே தன் சம்பளத்தைப் பெரிய அளவில் குறைத்துக் கொள்ள இணங்கினார். அதனால்தான் மெம்பிஸ் டிபாய், எரிக் கார்சியா ஆகிய புதியவர்களை முதலாவது போட்டிக்கு முன் பதிவு செய்ய முடிந்தது. ஆளை விடாமலே மிச்சம் பிடிக்க ஒரு வழி இருந்திருக்கிறது. முதலாளி கணக்கைத் திறந்து காட்ட வேண்டும், ஊழியர் அதை நம்ப வேண்டும். அவ்வளவுதான்.

விட்டவரின் விலை

நமக்கு அருகில் உள்ள கிரிக்கெட்டிலும் இதைப் பார்க்கலாம். ஐ.பி.எல். போட்டியில் ஒரு வீரரை ஏலத்துக்கு முன் விடுவித்தால் அவர் விலை முழுவதும் அணியின் பணப்பைக்குத் திரும்பி விடும். செத்த பணம் கிடையாது. அப்படியிருந்தும் கணக்கு இரண்டு பக்கமும் போகிறது. கொல்கத்தா அணி 23.75 கோடி இந்திய ரூபாவுக்கு வாங்கிய வெங்கடேஷ் ஐயரை விடுவித்தது. 2025 டிசெம்பர் ஏலத்தில் பெங்களூர் அணி அவரை 7 கோடிக்கு எடுத்தது. கொல்கத்தாவுக்கு அது மிச்சம்தான். ஆனால் 13 கோடிக்கு வைத்திருந்த நம் நாட்டு மதீஷ பத்திரனவைச் சென்னை அணி விடுவித்தபோது, அதே ஏலத்தில் கொல்கத்தா அவரை 18 கோடிக்கு எடுத்தது. நாம் பாரம் என்று இறக்கி வைத்த ஆள், பக்கத்துக் கடைக்குப் பொக்கிஷமாகத் தெரியலாம்.

நம் கடைக் கணக்கு

இனி நமது கொப்பியைத் திறப்போம். எட்டு வருடம் வேலை செய்த ஒருவருக்கு மாதச் சம்பளம் 45,000 ரூபா. முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம். எல்லாம் சேர்த்து 51,750 ரூபா. அவரை நிறுத்தி விட்டு 30,000 ரூபாவுக்குப் புதிய பொடியன் ஒருவரை எடுத்தால் மொத்தம் 34,500. மாத மிச்சம் 17,250 ரூபா. நம்மில் பலர் கணக்கை இந்த வரியோடு மூடி விடுகிறோம்.

பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனமானால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். எட்டு வருடத்துக்கு 1,80,000 ரூபா. மேற்படி மிச்சத்தைக் கொண்டு இதை அடைக்கவே பத்து மாதத்துக்கும் மேலாகும். அது மட்டுமல்ல. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தற் சட்டத்தின் கீழ், ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்காக அத்தகைய நிறுவனத்தில் ஒருவரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டும். "நாளைக்கு வராதே" என்று வாயால் சொல்லி முடிக்கிற விடயமல்ல இது.

"பணிக்கொடை என்றோ ஒரு நாள் கொடுக்க வேண்டியதுதானே, அதை ஏன் இந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?" என்று ஒரு முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த ஒரு இலட்சத்து எண்பதாயிரமும் இன்று முளைத்த செலவல்ல. எட்டு வருடமாக மாதா மாதம் ஏறி வந்த கடன் அது. மாதம் 1,875 ரூபா ஒதுக்கியிருந்தால் இன்று பாரமே தெரியாது. டென்வர் அணியின் செத்த பணமும் இதே சாதிதான். இன்று இறங்கும் சுமை, நேற்று எழுதாத செலவு.

நமது கடைகளில் பெரும்பாலானவை பதினைந்து பேருக்குக் குறைவானவை. அவற்றை இந்தச் சட்டங்கள் கட்டாயப்படுத்தாது. ஆனால் ஒருவரே வேலை செய்தாலும் சேமலாப நிதி கட்டாயம். ஊழியரின் சம்பளத்தில் 8 வீதத்தைக் கழித்து விட்டு அதைக் கட்டாமல் கடையில் புழங்க விடுவது மிச்சமல்ல, அடுத்தவர் ஹக். ஸூரத்துல் மாஇதா ஆரம்பமாவதே ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஈமான் கொண்டோரை ஏவித்தான். அதில் கடையின் அளவு பற்றி எதுவும் இல்லை.

எழுத்தில் வராத இழப்பும் உண்டு. எந்த வாடிக்கையாளர் கடனைப் பெருநாளைக்கு முன் தருவார், எவர் அறுவடைக்குப் பின் தருவார், எந்த அளவு ஆணி எந்தத் தட்டில் இருக்கிறது என்பதெல்லாம் பழைய சிப்பந்தியின் தலைக்குள் இருக்கிறது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் புடவைக் கடைக்கு வரும் பெண்கள் பெயர்ப்பலகையைப் பார்த்து வருவதில்லை, முகத்தைப் பார்த்து வருகிறார்கள். அந்த முகம் அடுத்த வீதிக்கு மாறினால் அவர்களும் மாறுவார்கள். 1990 ஒக்டோபரில் எல்லாவற்றையும் இழந்து வெளியேற்றப்பட்டு, பின்னர் மீண்டு வந்து வெறுங்கையோடு கடை திறந்த நமது சமூகத்துக்கு, பழகிய முகத்தின் பெறுமதியை வேறொருவர் சொல்லித் தர வேண்டியதில்லை.

விடவே கூடாதா?

அப்படி நான் சொல்லவில்லை. கடையே மூழ்கும்போது எல்லோரையும் ஏற்றிக் கொண்டு மூழ்குவது புத்திசாலித்தனமல்ல. டென்வர் அணி 85 மில்லியனைச் செத்த பணமாக ஏற்றுக் கொண்டு, இளம் வீரர் ஒருவரைக் குறைந்த சம்பளத்தில் எடுத்து, எட்டு வருடத்துக்குப் பின் 2024 பருவத்தில் இறுதிச் சுற்றுப் போட்டிகளுக்குள் நுழைந்தது. நட்டத்தை நட்டம் என்று முழுதாக எழுதி, கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்ததால் அது முடிந்தது.

ஆகவே ஓர் ஆளை நிறுத்த நினைக்கும் வியாபாரி முதலில் ஐந்து வரி எழுதட்டும். ஒன்று, அவருக்கு மாதம் போகும் மொத்தத் தொகை. இரண்டு, அவருக்கு இன்றுவரை கொடுக்க வேண்டிய பாக்கி. மூன்று, அவர் இடத்துக்கு வருபவரின் செலவும், அவர் வேலை பழகும் வரையான இழப்பும். நான்கு, அவரோடு போகக்கூடிய வாடிக்கையும் வசூலும். ஐந்து, வேலை நேரத்தையோ சம்பளத்தையோ அவரோடு பேசிக் குறைக்க வழி உண்டா என்பது. முதல் வரியில் மற்றவற்றைக் கழித்து வருவதுதான் மிச்சம். அது பூச்சியத்துக்குக் கீழே போனால் கொப்பியை மூடிவிட்டு, பிழை ஆளிலா சரக்கிலா என்று பாருங்கள்.

கழித்த பின்னும் மிச்சம் வந்தால், அவர் வியர்வைக்கு உரியதை ஒரு சதமும் குறையாமல் எண்ணிக் கொடுத்து, நல்ல ஒரு கடிதமும் கொடுத்து அனுப்புங்கள். அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கின்றன. அல்லாஹ் நமது வியாபாரங்களில் பரக்கத் செய்வானாக!