சந்திரபாபு என்றால் குடி மட்டும்தானா?

சென்ற வாரம் அஸருக்குப் பிறகு எங்கள் காயல்பட்டினம் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தம்பி, "காக்கா, ஜே.பி. சந்திரபாபு குடிச்சே அழிஞ்சவர்தானே?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

இதோ இருக்கிற தூத்துக்குடியில் 1927இல் பிறந்த மனிதர். தகப்பனார் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கியதால் குடும்பமே கொழும்புக்குப் போக நேர்ந்தது. இதெல்லாம் யாருக்கும் வேண்டாம். குடி, பாதியில் நின்ற 'மாடி வீட்டு ஏழை', கைவிட்டுப் போன வீடு. எப்போதும் இதே பேச்சு.

தொழிலைப் பேசுங்கள் ஐயா. ஆல்ப்ஸ் மலைக்காரர்களின் யோடலிங்கைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். தன் பாட்டைத் தானே பாடி ஆடியவர். 1958இல் 'சபாஷ் மீனா'வில் சிவாஜி பக்கத்தில் நின்று இரட்டை வேடம் கட்டினார். அந்தக் கதை இந்திக்குப் போய் 'தில் தேரா தீவானா' ஆனபோது, இவர் இடத்தில் நடித்த மெஹ்மூதுக்கு பிலிம்பேர் விருது. நம்மவருக்கு நாம் கொடுத்தது குடிகாரப் பட்டம்.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். அந்த ஊர்ச் சிரிப்பு நடிகர் ஜாக் தத்தி, 1967இல் 'பிளேடைம்' எடுத்துக் கடனில் மூழ்கினார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் படத்தைத்தான் முதலில் பேசுவார்கள், கடன் பிறகுதான். அதற்கு முந்தைய வருஷம் சந்திரபாபு 'தட்டுங்கள் திறக்கப்படும்' படத்தைத் தாமே இயக்கினார். இங்கே யார் பேசுகிறார்கள்?

குடித்தார், மறுக்கவில்லை. 1974இல் இறந்தபோது வயது 46தான்.

"அவர் படம் எதைத் தம்பி பார்த்திருக்கீங்க?" என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லையாம்.