ஒரே குடையின்கீழ் பல் நலப் பணியாளர்கள்: நோயாளிகளுக்கு என்ன பயன்?

பல் சிகிச்சை பல் மருத்துவர் ஒருவரால் மட்டும் நிறைவடைவதில்லை. பற்காறையை அகற்றிப் பற்களைத் தூய்மை செய்பவர் டென்டல் ஹைஜீனிஸ்ட் எனப்படும் பல் சுகாதாரப் பணியாளர். செயற்கைப் பல் வரிசையைச் செய்பவர் டென்டல் மெக்கானிக் எனப்படும் பல் தொழில்நுட்பர். இவர்களின் தகுதிக்கு யார் பொறுப்பு என்பது உங்கள் பாதுகாப்பைத் தீர்மானிக்கும் கேள்வியாகும்.

இதுவரை இருந்த முறை

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம் இம்மூன்று பிரிவினரையும் ஒரே சட்டத்திற்குள் கொண்டுவந்தது. இந்தியப் பல் மருத்துவ மன்றம் கல்வித் தரத்தை வகுத்தது; தமிழ்நாடு பல் மருத்துவ மன்றம் போன்ற மாநில மன்றங்கள் பதிவேடுகளைப் பேணின.

பிற நாடுகளில் நிலைமை வேறாக இருந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பல் மருத்துவர், பல் சுகாதாரப் பணியாளர், பல் தொழில்நுட்பர், செயற்கைப் பல் பொருத்துநர் ஆகியோருக்கு நான்கு தனி அமைப்புகள் இருந்தன. அவை 2022 செப்டம்பர் 1 அன்று ஒன்றாக இணைக்கப்பட்டன.

புதிய சட்டம் கூறுவது

2023-ஆம் ஆண்டின் தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம், பழைய சட்டத்தை நீக்கி, மன்றத்திற்கு மாற்றாக ஆணையம் அமைக்க வழிசெய்கிறது. கல்வி, தர மதிப்பீடு, நெறிமுறை மற்றும் பதிவு ஆகியவற்றுக்கு மூன்று தன்னாட்சி வாரியங்கள் உண்டு. பல் மருத்துவர்கள், பல் துணைப் பணியாளர்கள் ஆகியோருக்கான தேசியப் பதிவேடுகளை நெறிமுறை வாரியம் இணையவழியில் பேண வேண்டும். மாநிலங்கள் தனி மன்றமோ, பிற மாநிலங்களுடன் சேர்ந்து கூட்டு மன்றமோ அமைக்கலாம்.

பயனும் வரம்பும்

பதிவேடுகள் ஒரே வாரியத்தின் பொறுப்பில் இருந்தால், ஒருவரின் தகுதியைச் சரிபார்ப்பது எளிதாகும். சிகிச்சையில் தவறு நேர்ந்தால், அது மருத்துவருடையதா, தொழில்நுட்பருடையதா என அறியாமலேயே நீங்கள் முறையிடலாம்.

எனினும், பதிவேட்டில் இல்லாத ஒருவரின் பெயரை எந்த ஆணையமும் நீக்க இயலாது. பதிவு பெறாமல் பல் பிடுங்குபவர்களையும் பல் கட்டுபவர்களையும் தடுக்க, சட்ட நடவடிக்கையும் மக்களின் விழிப்பும் தேவை. மேலும், சட்டம் தரத்தை வகுக்குமே அன்றி, தொலைவைக் குறைக்காது. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் போன்ற கடலோர ஊர்களில் வாழ்வோர் மேல்சிகிச்சைக்காக இராமநாதபுரத்திற்கோ, 2023-இல் புதுக்கோட்டையில் தொடங்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்ல வேண்டியுள்ளது. இந்தத் தொலைவே பலரை அருகிலுள்ள தகுதியற்றவரிடம் கொண்டு சேர்க்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சிகிச்சைக்கு முன் பல் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.

• செயற்கைப் பல்லுக்கு அளவெடுப்பதும் அதை வாயில் பொருத்துவதும் பல் மருத்துவரின் பணி. அவற்றைத் தொழில்நுட்பரே நேரடியாகச் செய்ய முன்வந்தால் மறுத்துவிடுங்கள். சரியாகப் பொருந்தாத பல் வரிசை, ஆறாத புண்ணை உண்டாக்கக்கூடும்.

• நீரிழிவு, இதய நோய் இருந்தாலோ, இரத்தம் உறையாமைக்கான மருந்து உட்கொண்டாலோ, பல் பிடுங்குவதற்கு முன் தெரிவியுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்த வேண்டாம்.

• வெற்றிலை, புகையிலை பழக்கம் உள்ளவரைப் பராமரிப்போர், இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண், வெண்திட்டு, வாய் திறப்பதில் சிரமம் ஆகியவற்றைக் கண்டால் உடனே அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

• சிகிச்சைச் சீட்டு, ரசீது, எக்ஸ்-ரே ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். முறையீட்டிற்கு அவையே ஆதாரம்.

• பதிவு பெற்றவர் மீதான புகாரை மாநிலப் பல் மருத்துவ மன்றத்திற்கும், தகுதியின்றிச் சிகிச்சை அளிப்பவர் பற்றிய தகவலை மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்திற்கும் எழுத்து வடிவில் அனுப்புங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.