அவார்டு வந்துருச்சு, படம்? திரைக்கதைப் போட்டிக்குப் பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 3 கேள்விகள்

"மச்சி, என் ஸ்கிரிப்ட் அவார்டு வாங்கிருச்சு!"

போன மாதம் ராத்திரி 11 மணிக்கு நண்பர் ஒருவரிடமிருந்து வந்த வாட்ஸ்அப் மெசேஜ் இது. கூடவே ஒரு போஸ்டர். நடுவில் கதையின் தலைப்பு, இரண்டு பக்கமும் தங்க நிற இலை வளையம், கீழே ஒரு வெளிநாட்டு ஊரின் பெயர். அந்தப் போட்டியின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், அது மாதாமாதம் நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் டஜன் கணக்கில் 'வின்னர்'கள். நண்பர் கட்டிய நுழைவுக் கட்டணம் 40 டாலர், அதாவது 3,000 ரூபாய்க்கு மேல். இது அவருக்கு மூன்றாவது போட்டி.

"உன் ஸ்கிரிப்டை யாருடா படிச்சாங்க?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

பகலில் ஆபீஸ், ராத்திரியில் திரைக்கதை என்று ஓடும் பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். பரிசுத்தொகையையும் அவார்டு பெயரையும் பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், அவை கடைசியாகப் பார்க்க வேண்டியவை. படம் எடுக்கக்கூடிய ஒருவர் உங்கள் கதையைப் படிக்க வேண்டும், அதற்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். அது கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள மூன்று கேள்விகள் போதும்.

1. யார் படிக்கிறார்கள்?

உலக அளவில் அதிக மதிப்புள்ள ஒன்று, ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமி 1980-களிலிருந்து நடத்தும் நிக்கோல் ஃபெல்லோஷிப். அதிகபட்சம் ஐந்து பேருக்குத்தான் தருவார்கள். ஆளுக்கு 35,000 டாலர். அதுவும் சும்மா இல்லை, அந்த ஒரு வருடத்துக்குள் புதிதாக இன்னொரு திரைக்கதை எழுத வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தாலே தயாரிப்பாளர்களும் ஏஜென்ட்களும் தேடி வருவார்கள் என்பதுதான் இதன் மதிப்பு. 1998-ல் தேர்வான மைக் ரிச்சின் ஸ்கிரிப்ட் 2000-ல் 'ஃபைண்டிங் ஃபாரஸ்டர்' படமாக வந்தது. 'எரின் ப்ரோக்கோவிச்' எழுதிய சூசன்னா கிராண்டும் நிக்கோல் தேர்வு செய்தவர்தான்.

ஆனால் நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. கதை முதலிலேயே ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், மொழிபெயர்ப்பு செல்லாது என்பது இதன் நெடுநாள் விதி. 2025 முதல் நேரடியாக விண்ணப்பிக்கவும் முடியாது. கூட்டுப் பல்கலைக்கழகங்கள், பயிற்சிப் பட்டறைகள் அல்லது 'தி பிளாக் லிஸ்ட்' தளம் வழியாகத்தான் போக வேண்டும். மதுரையில் நடக்கும் கதையைத் தமிழில் எழுதிவிட்டு, இதற்காகக் காசு கொடுத்து மொழிபெயர்ப்பது வீண் செலவு. போட்டி பெரியதா என்பதோடு, உங்கள் கதைக்கு அதில் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஜெயித்தவர்கள் இப்போது எங்கே?

கலைஞர் டிவியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டிதான், திரைக்கதைப் போட்டி இல்லை. ஆனாலும் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் என அந்த மேடையிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்த வருடங்களில் படம் எடுத்தார்கள். காரணம் கோப்பை இல்லை. சென்னையில் சினிமா எடுப்பவர்கள் உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் அவர்களின் வேலை ஓடியது.

என்எஃப்டிசி நடத்தும் ஸ்கிரீன்ரைட்டர்ஸ் லேப்பும் இப்படித்தான். அனுபவசாலிகளோடு உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். 'தி லஞ்ச்பாக்ஸ்', 'டிட்லி' எல்லாம் அந்த வழியாக வந்தவை.

எனவே, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் போட்டியில் கடந்த மூன்று வருடங்களில் ஜெயித்தவர்களின் பெயரை எடுத்து ஐஎம்டிபியில் தேடுங்கள். பத்து நிமிட வேலை. பழைய வெற்றியாளர் பட்டியலே அவர்களிடம் இல்லை என்றால், அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

3. எதற்கு 'ஐ அக்ரி' கொடுக்கிறீர்கள்?

2010-ல் அமேசான் ஸ்டூடியோஸ் யார் வேண்டுமானாலும் ஸ்கிரிப்ட் அனுப்பலாம் என்று அறிவித்தது. பெரிய பரிசுகளும் இருந்தன. ஆனால் விதிகளைப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். அப்லோடு செய்தாலே 18 மாதங்களுக்கு அந்தக் கதை அவர்களிடம்தான், அதற்குத் தனியாகப் பணமும் கிடையாது. எதிர்ப்பு கிளம்பியது, 2012-ல் அதை 45 நாட்களாகக் குறைத்தார்கள். இவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே இப்படி என்றால், பெயர் தெரியாத போட்டிகளில் எவ்வளவு கவனம் வேண்டும்? கலந்துகொண்டாலே கதை உரிமை எங்களுக்கு என்று ஒரு வரி இருந்தால், பரிசு எவ்வளவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, வெறும் ஐடியாவுக்குக் காப்புரிமை கிடையாது. 1978-ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான். எழுதி முடித்த வடிவத்துக்குத்தான் பாதுகாப்பு. எனவே ஒரு பக்கக் கதைச்சுருக்கத்தைக் கண்ட இடத்துக்கெல்லாம் அனுப்பாதீர்கள். முழுசாக எழுதி, எழுத்தாளர் சங்கத்திலோ காப்புரிமை அலுவலகத்திலோ பதிவு செய்துவிட்டு அனுப்புங்கள். காப்புரிமை அலுவலகத்தில் கட்டணம் 500 ரூபாய்தான். 2018-ல் 'சர்கார்' கதை விவகாரத்தில், உதவி இயக்குநர் ஒருவர் தன் கதையை முன்பே சங்கத்தில் பதிவு செய்திருந்தார். நீதிமன்றம் வரை போன அந்த விவகாரம், படத்தில் அவருக்கு அங்கீகாரம் தரும் சமரசத்தில் முடிந்தது.

"டெட்லைன் இருந்தாத்தான் எனக்கு எழுத வரும்" என்கிறார் என் நண்பர். நியாயம்தான். ஆனால் அதற்கு 40 டாலர் தேவையில்லை. மூன்று போட்டிகளுக்குப் போன கிட்டத்தட்ட 10,000 ரூபாயில் ஒரு பகுதி போதும். ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரைக் கூப்பிட்டு, பிரியாணி வாங்கிக் கொடுத்து, ஸ்கிரிப்டைச் சத்தமாகப் படிக்க வைக்கலாம். எந்த சீனில் எல்லோரும் போனை எடுக்கிறார்கள் என்று பார்த்தாலே எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்துவிடும்.

அடுத்த மாதம் அவர் வீட்டில் அதைத்தான் செய்யப் போகிறோம். நானும் ஒரு கேரக்டருக்கு வசனம் படிக்கிறேன்.